பிரிக்கில் சொந்த விமானம், சொந்த ரயில்: வடிவமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செட் வாங்கி, கூடவே வரும் புத்தகத்தைப் பார்த்து அடுக்குவது ஒரு சுகம். எந்தக் கடையிலும் செட்டாக வராத விமானத்தையோ இன்ஜினையோ நாமே அளந்து, கணக்குப் போட்டு, லெகோ வகை பிரிக்குகளில் கட்டுவது வேறு சுகம். இப்படிச் சொந்தமாகக் கட்டுவதை இந்த வட்டாரத்தில் ‘மாக்’ என்பார்கள். அதில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

முதலில் எதைக் கையில் எடுப்பது? படத்தையா, பிரிக்கையா?

படத்தை. பக்கவாட்டில், முன்னால், மேலிருந்து என்று மூன்று கோணங்களில் அளவோடு கூடிய வரைபடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. புகைப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம். கேமரா லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும், வாலைச் சிறிதாக்கும்.

அடுத்தது, மாற்றவே முடியாத பாகம் எது என்று கண்டுபிடிப்பது. ரயிலில் அது சக்கரமும் தண்டவாளமும். விமானத்தில் பெரும்பாலும் விமானி அறைக் கண்ணாடி, இல்லையென்றால் இன்ஜினின் வாய். இந்தப் பாகங்களுக்குச் சந்தையில் உள்ள துண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுக்குப் பொருந்தும்படி மற்றதை எல்லாம் வளைத்துக்கொள்ளலாம். மாறாக, உடலை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு மூக்குக்குத் துண்டு தேடினால், பெரும்பாலும் உடலைப் பிரிக்கத்தான் வேண்டியிருக்கும்.

எந்தெந்த அளவுகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்?

நான்கு எண்கள் போதும். பிரிக்கின் தலையில் உள்ள ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ. ஒரு பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ. ஒரு பிளேட்டின் (மெல்லிய தட்டைத் துண்டு) உயரம் 3.2 மி.மீ. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. 1958இல் லெகோ காப்புரிமை கேட்ட அந்தப் பிரிக்கோடு இன்றைய பிரிக்கும் சேர்ந்துகொள்வது இந்த அளவுகள் மாறாததால்தான்.

இந்த எண்களிலிருந்து பிறக்கும் ஒரு சமன்பாடு இருக்கிறது. 5 பிளேட் உயரம் என்பது 16 மி.மீ.; 2 குமிழ் அகலமும் 16 மி.மீ. பக்கவாட்டில் திருப்பி ஒட்டிய துண்டும் நேராக நிற்கும் துண்டும் சந்து விடாமல் சேர்வது இந்த இடத்தில்தான். கீழே வரும் பாதிப் பதில்களில் இதே கணக்கு ஏதோ ஒரு வேடத்தில் வரும்.

ஸ்கேலை எப்படி முடிவு செய்வது?

உள்ளே லெகோ மனிதனை உட்கார வைக்க வேண்டுமா, வேண்டாமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் ஸ்கேல் கிட்டத்தட்ட தானாக முடிவாகிவிடும்.

1978இல் வந்த அந்தப் பொம்மை சுமார் 40 மி.மீ. உயரம். சராசரி மனிதனோடு ஒப்பிட்டால் 1:44 வருகிறது. ஆனால் ஆள் குட்டை, அதற்குத் தோதாக உடம்பு அகலம். கைகளோடு சேர்த்து ஏறக்குறைய 3 குமிழ். அதே 1:44இல் பெருக்கினால் தோள் ஒரு மீட்டரைத் தாண்டுகிறது! போயிங் 737-இன் உடல் அகலம் 3.76 மீட்டர், 1:44இல் 85 மி.மீ., அதாவது பத்தரை குமிழ் சொச்சம். சுவர் கனம் போக உள்ளே மிஞ்சும் இடத்தில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று என்று ஆறு பேர் உட்காரவே முடியாது. வரிசைக்கு மூன்று பேர் உட்கார்ந்தாலே பெரிது. இது உங்கள் கணக்கில் வந்த பிழை அல்ல. எல்லோரும் இந்தச் சுவரில் முட்டித்தான் இருக்கை எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

மனிதன் வேண்டாம், அலமாரியில் வைக்க அழகான விமானம் போதும் என்றால் 1:100 பக்கம் போங்கள். 747-400 அந்த ஸ்கேலில் 70 செ.மீ. நீளம், உடல் 65 மி.மீ. அகலம் (கிட்டத்தட்ட சரியாக 8 குமிழ்). அதே விமானத்தை 1:48இல் கட்டினால் ஒன்றரை மீட்டர் நீளம். கட்டிவிடலாம், வாசல் வழியாக வெளியே எடுக்க முடியுமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள். லெகோ நிறுவனமே 2023இல் கான்கார்டை வெளியிட்டபோது 1.02 மீட்டர் நீளத்தில், ஏறக்குறைய 1:60இல், 2,083 துண்டுகளில் நிறுத்திக்கொண்டது.

ரயிலுக்கு 6 குமிழ் அகலமா, 8 குமிழா?

நிறுவனத்தின் ரயில்கள் பெரும்பாலும் 6 குமிழ் அகலம். சொந்தமாகக் கட்டுகிற பெரியவர்களில் நிறையப் பேர் 8. இடையில் 7 என்று ஒரு கட்சியும் உண்டு. ஒற்றைப்படை அகலத்தில் நடுக்கோடு கிடைப்பதால் இன்ஜின் முகம் அழகாக வரும் என்பது அவர்கள் வாதம், அதில் உண்மையும் இருக்கிறது.

இந்தச் சண்டைக்கு மூல காரணம் தண்டவாளம். லெகோ தண்டவாளத்தின் உள் இடைவெளி 37.5 மி.மீ. உலகில் பரவலாக உள்ள 1,435 மி.மீ. பாதையோடு ஒப்பிட்டால் 1:38. அந்த ஸ்கேலில் 3.38 மீட்டர் அகலமுள்ள, ஜப்பானின் முதல் ஷின்கான்சென் (புல்லட் ரயில்) பெட்டி 11 குமிழ் அகலமும், 25 மீட்டர் நீளத்துக்கு 82 குமிழும் கேட்கும். எந்த வளைவும் அதைத் தாங்காது. ஆகவே தண்டவாளம் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டு, பெட்டியின் அகலத்திலிருந்து ஸ்கேலை எடுக்கிறோம். 8 குமிழ் என்றால் இந்தப் பெட்டிக்கு சுமார் 1:53.

என் கருத்தைக் கேட்டால், வீட்டுத் தரையில் ஓட்ட 6, கண்காட்சி மேசைக்கு 8. இரண்டையும் ஒரே ரயிலாகக் கோக்க வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டுமே பொய்யாகத் தெரியும்.

நீளமான பெட்டி நேர்ப்பாதையில் அழகாக இருக்கிறது, வளைவில் அசிங்கமாக வெளியே தள்ளுகிறதே?

லெகோவின் சாதாரண வளைவு ஒன்றின் ஆரம் 40 குமிழ், 320 மி.மீ. அப்படி 16 துண்டு சேர்ந்தால் ஒரு வட்டம். நிஜ ரயில் பாதையோடு ஒப்பிட்டால் இது வளைவே இல்லை, மூலை.

பெட்டிக்கு அடியில் இரண்டு சக்கரத் தொகுதிகள் சுழலும். அவற்றின் நடு அச்சுகளுக்கு இடையே 40 குமிழ் தூரம் வைத்தால், வளைவில் பெட்டியின் நடுப்பகுதி பாதையின் நடுக்கோட்டிலிருந்து 43 மி.மீ. உள்ளே போகும். 8 குமிழ் பெட்டியின் பாதி அகலமே 32 மி.மீ.தான். அதாவது பெட்டியின் வெளிச்சுவர்கூட நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கம் வந்துவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் வண்டி தண்டவாளத்தைவிட்டு இறங்கி நிற்பதுபோல இருக்கும். அதே தூரத்தை 20 குமிழாக்குங்கள், 10 மி.மீ.தான் உள்ளே போகும். தூரம் பாதியானால் விலகல் ஏறத்தாழ கால்பங்கு ஆகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் சக்கரத் தொகுதிகளை ரொம்பவும் உள்ளே தள்ளினால் பெட்டியின் நுனிகள் வெளியே வீசும், இணைப்புகள் கழலும். 32 குமிழ் நீளப் பெட்டிக்கு 20 குமிழ் இடைவெளி நல்ல சமரசம். நிஜ நீளத்தை விட்டுக்கொடுக்கும்போது ஜன்னலின் அளவைச் சுருக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். கண் ஜன்னல்களை எண்ணுவதில்லை. ஜன்னல் சப்பையாக இருந்தால் மட்டும் உடனே பிடித்துவிடும்.

நீளத்தில் கை வைக்கவே மாட்டேன் என்பவர்கள் பாதையை மாற்றலாம். வேறு நிறுவனங்கள் 104 குமிழ் ஆரத்தில்கூட வளைவுகள் விற்கின்றன. அதில் 40 குமிழ் இடைவெளிப் பெட்டிகூட 16 மி.மீ.க்குள்தான் விலகும். இடம்தான் கேட்கும்: வட்டம் முடிய ஒன்றே முக்கால் மீட்டர் அகலம் வேண்டும்.

நீராவி இன்ஜினில் மூன்று ஜோடிப் பெரிய சக்கரம் வைத்தால் வளைவில் தடம் புரள்கிறது. என்ன செய்வது?

நடு ஜோடியின் விளிம்பை எடுத்துவிடுங்கள். 2009இல் வந்த எமரால்டு நைட் செட்டில் பெரிய சக்கரங்கள் விளிம்பு உள்ளவை, இல்லாதவை என இரண்டு வகையாக வந்தன. முன்னும் பின்னும் விளிம்புள்ளவை பாதையைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் உள்ளது தண்டவாளத்தின் மேல் சும்மா வழுக்கிப் போகும். நிஜ நீராவி இன்ஜின்களிலும் இந்தத் தந்திரம் உண்டு.

சக்கரங்களைக் கோக்கும் இணைப்புத் தண்டு மாட்டும்போது, தண்டைச் சக்கரத்தில் பிடிக்கும் இடது பக்க ஊசி மேலே இருந்தால் வலது பக்க ஊசி முன்னாலோ பின்னாலோ இருக்க வேண்டும், 90 பாகை வித்தியாசம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நேர்க்கோட்டுக்கு வந்துவிட்டால் தண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இறுகிக்கொள்ளும். நல்லவேளை, லெகோ அச்சு கூட்டல் குறி வடிவம். கழற்றி ஒரு திருப்பு திருப்பிச் செருகினால் சரியாக 90 பாகை வந்துவிடும், அளக்கத் தேவையில்லை.

மோட்டாரை எப்போது யோசிப்பது?

இன்ஜினின் முதல் துண்டை வைக்கும் முன். 2018இல் தொடங்கிய, லெகோவின் பவர்டு அப் மோட்டார் முறையில் ஆறு ஏஏஏ பேட்டரிகள் கொண்ட பெட்டி ஒன்று உள்ளே போக வேண்டும். பேட்டரி மாற்றக் கூரை கழல வேண்டும், பொத்தானுக்கு விரல் எட்ட வேண்டும், கம்பிக்கு வழி வேண்டும். மெலிந்த நீராவி இன்ஜினில் இதற்கு இடமே இருக்காது. பின்னால் வரும் கரிப்பெட்டியில் மோட்டாரையும் பேட்டரியையும் வைத்து இன்ஜினைத் தள்ள விடுவதுதான் வழக்கம். எடை எங்கே என்பதும் முக்கியம்: பேட்டரி, மோட்டாரின் சக்கரங்களுக்கு மேலே உட்கார்ந்தால் பிடிப்பு கூடும், வேறு எங்கோ உட்கார்ந்தால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும்.

விமானத்தின் உருண்டை உடலைச் சதுரப் பிரிக்கில் எப்படிக் கொண்டுவருவது?

குமிழ்களை நாலு பக்கமும் திருப்பி. இதை ‘ஸ்நாட்’ என்பார்கள். குமிழ் மேலே மட்டும் பார்க்காமல் பக்கவாட்டிலும் கீழேயும் பார்க்கும்படி கட்டுவது. அதற்கென்றே பக்கக் குமிழ் பிரிக், ‘ட’ வடிவப் பிளேட் என்று துண்டுகள் இருக்கின்றன.

மேலே சொன்ன 1:100 ஜம்போவையே (747) எடுத்துக்கொள்வோம். வேண்டிய விட்டம் 64 மி.மீ. நடுவில் 4 குமிழ் அகலமுள்ள தண்டு, 32 மி.மீ. அதன் உயரமும் 32 மி.மீ. ஆக வேண்டும்: 10 பிளேட், அதாவது 3 பிரிக்கும் 1 பிளேட்டும். இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவுள்ள சதுரத் தண்டு கிடைத்துவிட்டது. மேல், கீழ், இடம், வலம் நாலு பக்கமும் 5 பிளேட் கனத்தில் மூடி ஒன்றைச் செய்து ஒட்டுங்கள். 5 பிளேட் 16 மி.மீ., இரண்டு பக்கம் சேர்ந்து 32. ஆக மொத்தம் 64. மூடியின் ஓரங்களில் வளைந்த சரிவுத் துண்டுகள். ஒரே மூடியை நாலு முறை செய்தால் போதும். ஜன்னல் கோடு வரும் இரண்டில் மட்டும் சின்ன மாற்றம்.

வட்டம் துல்லியமாக வராது. எட்டு மூலைகள் கொஞ்சம் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், அதற்கு மேல் மெனக்கெடத் தேவையிருக்காது.

இறக்கையின் சாய்வைச் சரியாகக் கொண்டுவர முடியுமா?

பள்ளிக்கூடத்தில் படித்த 3-4-5 முக்கோணம் இங்கே சோறு போடும். உடலிலிருந்து 4 இடைவெளி வெளியே, 3 இடைவெளி பின்னே போனால், சாய்வாக அளக்கும் தூரம் சரியாக 5. அதாவது ஒரு பட்டைப் பிளேட்டின் இரண்டு முனைகளும் குமிழ்களின் மேல் பிசகாமல் உட்காரும். கோணம் 36.87 பாகை. 747 இறக்கையின் சாய்வு 37.5 பாகை! அந்த விமானத்தைப் பிரிக்கில் கட்டுகிறவர்களுக்கு அடித்த யோகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாய்வு குறைந்த விமானங்களுக்கு 5-12-13 இருக்கிறது, 22.6 பாகை. ஏர்பஸ் ஏ320-இன் 25 பாகைக்கு இது பக்கத்தில் வருகிறது. பெரும்பாலானோர் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை.

எண்ணும்போது குமிழ்களை எண்ணாதீர்கள், இடைவெளிகளை எண்ணுங்கள். 5 இடைவெளிக்கு 6 குமிழ் வேண்டும். இன்னொன்று: பட்டையை நேரடியாகத் தளத்தில் சாய்த்து வைத்தால் இடையில் உள்ள குமிழ்கள் தடுக்கும். இரண்டு முனைகளிலும் ஒரு 1×1 வட்டப் பிளேட்டை வைத்துத் தூக்கிக்கொண்டால் தடை இருக்காது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முக்கோணச் சந்து விழும். அதை வயிற்றுப்பக்க மூடிக்குள் மறைத்துவிடலாம்.

இறக்கை தொங்கிப் போகிறது.

பிளேட்டுகளை மட்டும் அடுக்கிய நீள இறக்கை இன்றைக்கு நேராக நிற்கும், சில வாரத்தில் தொங்கும். உள்ளே எலும்பு வேண்டும். லெகோவின் டெக்னிக் வகைத் துளைச் சட்டங்களை ஒரு பக்க இறக்கையிலிருந்து உடலைக் கடந்து மறுபக்க இறக்கைக்குள் ஓட விடுங்கள். உடலின் பக்கவாட்டில் வெறுமனே ஒட்டிய இறக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்காது.

சட்டத்தைப் பூட்டும் முறையும் 16 மி.மீ. கணக்குத்தான். துளையுள்ள இரண்டு பிரிக்குகளுக்கு நடுவே 2 பிளேட் வையுங்கள். துளையிலிருந்து துளைக்கு 9.6 + 3.2 + 3.2 = 16 மி.மீ. ஒரு சட்டத்தை நெட்டுக்குத்தாக வைத்து ஊசி போட்டால் பிசகாமல் பொருந்தும். இப்படிப் பூட்டிய அடுக்கு கையால் இழுத்தாலும் பிரியாது.

விமானம் பின்பக்கமாகச் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடுகிறது!

எடையின் மையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. மூக்குக்குள் எடை வையுங்கள். வால் பக்கம் இன்ஜின் உள்ள மாதிரிகளில் இதை முதலிலேயே எதிர்பார்த்து மூக்கில் காலியிடம் விட வேண்டும்.

எந்த மென்பொருள் நல்லது?

தொடங்குகிறவர்களுக்கு பிரிக்லிங்க் ஸ்டூடியோ. இலவசம், துண்டுகள் இடித்தால் சொல்லும், இந்த நிறத்தில் இந்தத் துண்டு கிடைக்குமா என்று காட்டும், செய்முறைப் புத்தகமும் அதிலேயே தயாரிக்கலாம். பிரிக்லிங்க் என்ற துண்டுச் சந்தையை லெகோ 2019இல் வாங்கியது. தன் பழைய டிஜிட்டல் டிசைனர் மென்பொருளை 2022இல் கைவிட்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி எல்ட்ரா. ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995இல் எழுதியது. 0.4 மி.மீ.யை ஓர் அலகாக வைத்தார்: குமிழ் இடைவெளி 20, பிளேட் 8, பிரிக் 24. எல்லாம் முழு எண்கள். பக்கவாட்டுக் கட்டுமானத்துக்குக் கணக்குப் போடும்போது தசமப் புள்ளியோடு மல்லாடாமல் இந்த அலகிலேயே யோசித்துப் பாருங்கள், தலைவலி குறையும்.

திரையில் நிற்கிறது, கையில் கட்டினால் உதிர்கிறதே?

திரையில் புவியீர்ப்பு கிடையாது. ஒரே குமிழில் தொங்கும் துண்டுகூட அங்கே மிதந்து நிற்கும். மூக்கு, இறக்கை வேர், சக்கரத் தொகுதி இந்த மூன்றையும் கையிலிருக்கும் எந்த நிறத் துண்டிலாவது கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தை வரைய வேண்டும். பச்சை மூக்கும் மஞ்சள் வயிறுமாகக் கோமாளிபோல இருக்கும், இருக்கட்டும். ரயிலாக இருந்தால் எதிரெதிர் வளைவுகள் இரண்டை அடுத்தடுத்து வைத்து முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

நிறம் விஷயத்தில் எங்கே ஏமாறுவோம்?

சாம்பலில். 2004இல் லெகோ தன் சாம்பல் நிறங்களை நீலச்சாயல் கலந்தவையாக மாற்றியது. பழைய சாம்பலும் புதிய சாம்பலும் தனித்தனிப் பெயரில் விற்கின்றன; கலந்து வாங்கினால் இறக்கையில் தேமல் விழுந்ததுபோலத் தெரியும். பழைய செம்பழுப்புத் துண்டுகள் எளிதில் உடையும், அழுத்தம் விழும் இடத்தில் வைக்க வேண்டாம். வெள்ளை விமானத்தை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் மஞ்சளாகும்.

அபூர்வ நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த நிறத்தில் வளைந்த சரிவுத் துண்டும் ஆப்பு வடிவப் பிளேட்டும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் மாதிரியை அல்ல, நிறத்தை மாற்றுங்கள்.

‘சட்டவிரோதப் பொருத்தம்’ என்கிறார்களே, போலீஸ் வருமா?

வராது. துண்டுக்கு வலி கொடுக்கும் பொருத்தத்தை அப்படிச் சொல்கிறார்கள். உதாரணம், இரண்டு குமிழ்களுக்கு நடுவே ஒரு பிளேட்டை நெட்டுக்குத்தாகத் திணிப்பது. 8-இல் 4.8 போனால் 3.2, பிளேட்டின் கனமும் 3.2. மூச்சுவிட இடமில்லை. இன்றைக்கு நிற்கும், பிளாஸ்டிக் நாளடைவில் வெள்ளைக்கோடு விட்டு விரியும். அலமாரி மாதிரியில் ஓரிரண்டு இருந்தால் பரவாயில்லை. செய்முறையைப் பிறருக்குத் தருவதாக இருந்தால் ஒன்றுகூட வேண்டாம்.

வேறு நிறுவன பிரிக்குகளைக் கலக்கலாமா?

தாராளமாக. அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது. பிரிக்கின் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிய முடியாது என்று 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வெளியே தெரியாத உள்தண்டுக்கு மலிவானவை போதும். வெளித்தோலில் நிற வித்தியாசம் காட்டிக்கொடுக்கும், துளைச் சட்டங்களில் பிடிப்பு மாறுபடும்.

போர் விமானம் கட்டினால் லெகோ ஏற்குமா?

உங்கள் வீட்டில் எதையும் கட்டலாம். ரசிகர்களின் வடிவமைப்புகளை வாங்கும் லெகோ ஐடியாஸ் தளத்தில் போட்டு 10,000 ஆதரவு திரட்டி அதிகாரபூர்வ செட்டாக்கும் எண்ணம் இருந்தால், நவீனப் போர் வாகனங்களுக்கு அங்கே இடமில்லை. 2020இல் ஆஸ்ப்ரே என்ற ராணுவ விமானத்தின் செட்டை, எதிர்ப்பு வந்ததும், வெளியிடும் தறுவாயில் நிறுவனமே நிறுத்திவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்துப் போர் விமானமான சோப்வித் கேமலோ 2001இலும் 2012இலும் செட்டாகவே வந்திருக்கிறது. பழசானால் பாவம் கழிந்துவிடும் போல.

என் வடிவமைப்பின் செய்முறையை விற்கலாமா?

விற்கலாம், நிறையப் பேர் விற்கிறார்கள். பொருளின் பெயரில் லெகோ என்று சேர்க்காதீர்கள்; விமான நிறுவனங்களின் சின்னத்தையும் அனுமதியில்லாமல் போடாதீர்கள். விற்பனைக்கு வைக்கும் முன், இந்த மாதிரியைப் பார்த்தேயிராத ஒருவரிடம் செய்முறையையும் துண்டுகளையும் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எந்தப் படியில் இரண்டு முறை பக்கத்தைப் புரட்டுகிறாரோ அந்தப் படியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெரும்பாலும் அது இறக்கை உடலோடு சேரும் படியாகத்தான் இருக்கும்.